நம்ம தோட்டத்துல பூட்டுன வண்டி

காப்பாரில் ஒரு வீட்டுக் கொல்லையில், ரம்புத்தான் மரத்தடியில் அந்த வேன் நின்றிருந்தது. நான்கு டயர்களும் பாதி மண்ணுக்குள் இறங்கியிருந்தன. பின்சீட்டு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. 2020ஆம் ஆண்டின் கடைசி வாரங்கள் அவை. ஒரு நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்து, அடுத்தது வருவதற்கு முந்தைய சிறிய இடைவெளி. வீட்டுக்கார அம்மா கோழியைக் காட்டி, “அது குஞ்சு பொரிச்ச பிறகு எடுத்துக்கங்க தம்பி” என்றார். பணத்தைக் கொடுத்துவிட்டு மூன்று வாரம் காத்திருந்தேன். பழைய மைவி ஒன்று வாங்கக்கூடிய காசு. தொகையைக் கேட்டதும் என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது எங்கள் வீட்டில் அபூர்வம்.

இழுவை லோரி அதைக் கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கியபோது மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி. வயது 71. “எதுக்குடா இந்தப் பெசி பூரோவ வாங்கிட்டு வந்த?” என்று கேட்டவர், வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவை விரல் முட்டியால் மூன்று தடவை தட்டினார். காதை வைத்துக் கேட்டார். பிறகு, ஏதோ தொலைந்த பொருளை அடையாளம் காட்டுகிறவர்போல, “டேய், இது நம்ம தோட்டத்துல பூட்டுன வண்டிடா” என்றார்.

‘நம்ம தோட்டம்’ என்று மாமா சொல்வது சுங்கை ரெங்கம் தோட்டத்தை. இன்று அங்கே தோட்டம் இல்லை. ஷா ஆலாம் இருக்கிறது.

அவர் சொன்னதை நான் நம்பவில்லை. ஆனால் சிரித்து ஒதுக்கவும் முடியவில்லை. இந்த வண்டியைத் தூக்கி நிறுத்திய பத்து மாதங்களும் எனக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சோதித்துப் பார்த்த மாதங்கள்தான்.

*

வண்டி வோக்ஸ்வேகன் கொம்பி. கெரானில் ஆண்டு 1974. சேசிஸ் எண் 2இல் தொடங்குகிறது. இந்த வகை வேனுக்கு அந்த நிறுவனம் வைத்த பெயர் ‘டைப் 2’. மூன்றாவது இலக்கம் 4, அதாவது 74ஆம் ஆண்டு மாடல். நான்காவது இலக்கம் எழுபதுகள் முழுவதும் 2ஆகவே இருக்கும். இவ்வளவும் எண்ணிலிருந்தே தெரிந்துவிடும். எங்கே அனுப்பப்பட்டது, எந்த நிறத்தில், என்னென்ன உபகரணங்களோடு என்பதெல்லாம் முன்சீட்டுக்குப் பின்னால் அறைந்திருக்கும் ஒரு சின்ன உலோகத் தகட்டில் குறியீடுகளாக இருக்கும். பழைய கொம்பி வைத்திருப்பவர்கள் ஜாதகம் பார்ப்பதுபோல அந்தத் தகட்டைப் பார்ப்பார்கள். எங்கள் வண்டியில் தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. சுற்றிலும் துரு.

மாமாவின் பேச்சில் நியாயம் இருக்க இடமுண்டு என்பதற்குக் காரணம் ஷா ஆலாமின் வரலாறு. கோலாலம்பூருக்கும் துறைமுகத்துக்கும் நடுவே கிடக்கும் நிலம் அது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் இருக்கும் புக்கிட் கூடா வரை 1886இல் ரயில் வந்தது. முதலில் ஈயம், பிறகு ரப்பர், எல்லாம் இந்த வழியாகத்தான் கடலுக்குப் போயின. இந்தப் பாதையை ஒட்டியிருந்ததால்தான் இங்கே தோட்டங்கள் செழித்தன. அதே காரணத்தால்தான் பிறகு காணாமலும் போயின. 1963இல் இங்கே ஒரு புதிய தொழில் நகரம் என்று திட்டம் வந்தது. 1964இல் சிலாங்கூர் மாநில வளர்ச்சிக் கழகம் அமைந்தது. பால்மரமும் செம்பனையும் நின்ற இடத்தில் செக்‌ஷன் செக்‌ஷனாகக் கோடு கிழித்தார்கள். 1974 பிப்ரவரி 1ஆம் தேதி கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகப் பிரிக்கப்பட்டது. தலைநகரில்லாமல் நின்ற சிலாங்கூருக்கு 1978 டிசம்பரில் ஷா ஆலாம் தலைநகரானது.

ஆனால் தலைநகராவதற்குப் பத்து வருடம் முன்பே அங்கே கார் வந்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்த நாடு முழுதாகச் செய்த காரை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. அதைக் குறைத்து, பாகங்களைப் பெட்டிகளில் வரவழைத்து இங்கேயே பூட்டுவது என்று அரசாங்கம் முடிவுசெய்தது. 1967இல் ஆறு ஆலைகளுக்கு அனுமதி கிடைத்தது. ஷா ஆலாமில் அந்த வருடமே சுவீடிஷ் மோட்டார் அசெம்பிளிஸ் வால்வோ காரைப் பூட்டத் தொடங்கியது. 1968இல் சாம்பியன் மோட்டார்ஸ் வந்தது. அங்கே பூட்டியது வோக்ஸ்வேகனின் வண்டுக் கார். அதே 1968இல் பத்து தீகாவில் கார் பந்தயத் திடலும் திறந்தார்கள். பால்மரம் நின்ற வட்டாரத்தில் டயர் தேய்த்துக் காட்டினார்கள் என்று மாமா சொல்வார். இந்த ஒரு நகைச்சுவையை அவர் ஐம்பது வருடமாகச் சொல்லிவருகிறார்.

மாமாவுக்கு அப்போது 19 வயது. பால் வெட்டை விட்டுவிட்டு லோரியில் கெலிண்டானாகச் சேர்ந்திருந்தார். போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கும் பெரிய மரப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்து ஷா ஆலாம் ஆலைகளில் இறக்குவதுதான் வேலை. “பொட்டி பொட்டியா நான்தானே ஏத்துனேன். எனக்குத் தெரியாதா?” என்பது அவர் வாதம்.

“பொட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு பாத்தீங்களா மாமா?”

“ஆணி அடிச்சிருக்கும்டா. எப்படிப் பாக்குறது?”

இதற்கு மேல் நான் என்ன கேட்க?

சாம்பியன் மோட்டார்ஸ் எழுபதுகளின் நடுவில் பெயர் மாறி, டொயோட்டா பூட்டும் ஆலையாயிற்று. 2019இல் டொயோட்டாவுக்கு இரண்டாவது ஆலை கிள்ளான் புக்கிட் ராஜாவில் திறந்தது. புக்கிட் ராஜாவும் ரப்பர் தோட்டம்தான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லண்டனில் பங்கு விற்ற கம்பெனிகளில் ஒன்றின் தோட்டம். ஒரு தோட்டத்தின் மேல் தொடங்கிய கார், அரை நூற்றாண்டு கழித்து இன்னொரு தோட்டத்தின் மேல் ஏறி நிற்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் பொருளாதார வரலாற்றை எழுத விரும்புகிறவர்கள் இந்த இரண்டு இடங்களுக்கும் ஒரே நாளில் போய்வரலாம். டோல் கூட அதிகம் ஆகாது.

*

வண்டியின் பக்கத்து வரலாறு இன்னொன்று உண்டு. போருக்குப் பிறகு ஜெர்மனியில் வோல்ஃப்ஸ்பர்க் ஆலை பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறுப்பில் இருந்தது. ஆலைக்குள் சாமான் நகர்த்துவதற்காகத் தொழிலாளிகள் வண்டுக் காரின் சேசிஸ்மேல் ஒரு பலகையைப் போட்டு, கையில் கிடைத்ததை வைத்து ஒரு தட்டு வண்டி செய்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கார் வாங்க வந்த நெதர்லாந்து வியாபாரி பென் பொன் இதைப் பார்த்தார். 1947 ஏப்ரல் 23ஆம் தேதி தன் குறிப்பேட்டில் ஒரு படம் வரைந்தார். ஒரு பெட்டி. முன்னால் ஓட்டுநர், பின்னால் இன்ஜின், நடுவில் சாமான். மூன்று வயதுப் பிள்ளை வரைந்ததுபோல இருக்கும் அந்தக் கோட்டுப்படம்தான் 1950 மார்ச்சில் வேனாக வெளிவந்தது. அடுத்த வருடமே வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் அதற்குள் கட்டில், அலமாரி, திரைச்சீலை எல்லாம் வைத்து ‘கேம்பிங் பெட்டி’ என்று விற்றது. வெஸ்ட்ஃபாலியா 1844இல் கொல்லுப்பட்டறையாகத் தொடங்கி, குதிரை வண்டி செய்துகொண்டிருந்த நிறுவனம்.

ஆக, இந்த வீட்டுவண்டியின் தாய்வழியில் ஆலைத் தொழிலாளியின் தட்டு வண்டி இருக்கிறது, தந்தைவழியில் கொல்லன் செய்த குதிரை வண்டி. கலிஃபோர்னியாவில் பூப்போட்ட சட்டைக்காரர்கள் ஏறியது அதற்கெல்லாம் பிறகு. வலையில் ‘வேன் வாழ்க்கை’ படங்களைப் போடுகிறவர்கள் இந்த முதல் பகுதியை மறந்துவிடுகிறார்கள்.

நமக்கும் சக்கரத்தின்மேல் வீடு புதிதல்ல. தேர் இருக்கிறது. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குத் தைப்பூசத்தையொட்டிப் புறப்படும் வெள்ளிரதம் 1983இல் செய்யப்பட்டது. முருகனுக்கு அது ஒரு நகரும் வீடுதான். அதே காலத்தில் ஆந்திராவில் என்.டி. ராமாராவ் பழைய செவர்லே வேன் ஒன்றைத் திருத்தி, ‘சைதன்ய ரதம்’ என்று பெயர் வைத்து, அதிலேயே தூங்கி, சாலையோரத்தில் குளித்து, மாநிலம் முழுக்கச் சுற்றி, 1983 ஜனவரியில் முதலமைச்சரானார். மகன் ஹரிகிருஷ்ணாதான் வண்டி ஓட்டினார். நான் வண்டி வாங்கியதைக் கேட்ட நண்பர் ஒருவர், “எந்தத் தொகுதி?” என்று கேட்டது இதனால்தான்.

*

சுரண்ட ஆரம்பித்தோம்.

மேலே வெள்ளை. அதன் கீழே மஞ்சள், பள்ளிக்கூட வேனாக ஓடிய காலத்து மஞ்சள். அதன் கீழே பச்சை. பச்சைப் பூச்சின்மேல், தள்ளுகதவுக்குப் பக்கத்தில், ஏதோ எழுத்து தட்டுப்பட்டது. காகித உப்புத்தாளை நிறுத்திவிட்டு, ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தேன். ‘ளிகை’ தெரிந்தது. இன்னும் துடைத்தபோது முன்னால் ‘ம’ வந்தது. அதற்கு மேலே இருந்த பெயரை ஏற்கெனவே உப்புத்தாள் தின்றுவிட்டிருந்தது. அது என் கைதான், வேறு யாரையும் சொல்ல முடியாது.

மளிகை வேன். தோட்டத்துச் சம்பள நாள்களில் ஆபீசுக்கு வெளியே வரிசையாக வந்து நிற்குமே, அந்த வேன்களில் ஒன்று. துணி வேன், பாத்திர வேன், மிக்சர், முறுக்கு, கடன் வசூலிக்க வரும் சைக்கிள்கள். என் சின்ன வயதில் சம்பள நாள் என்றால் திருவிழா. கங்காணி, கிராணி, தண்டல் எல்லாரும் அவரவர் இடத்தில் நிற்க, வேனின் தள்ளுகதவு மட்டும் சத்தத்தோடு திறந்து, உள்ளே அரிசியும் கருவாடும் கலந்த ஒரு வாசனை வரும். அந்த வாசனையை இந்த வண்டியில் தேடினேன். கோழி வாசனைதான் இருந்தது.

பச்சைக்கும் கீழே வெளிறிய நீலம். அதுதான் வண்டியோடு பிறந்த நிறம். மனைவி அதையே திரும்ப அடிக்கலாம் என்றாள். பல மாதங்களில் இந்த வண்டியைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை. சாயம் அடிப்பதாகச் சொல்லி முன்பணம் வாங்கிய ஒரு கடைக்காரர் அடுத்த நடமாட்டக் கட்டுப்பாட்டில் கதவைப் பூட்டினார், பிறகு திறக்கவே இல்லை. பெயர் வேண்டாம். அவருக்கும் அந்தக் காலம் கெட்ட காலமாகத்தான் இருந்திருக்கும். முடிவில் நானும் மகனும் மாமாவும் சேர்ந்து, வாசலில் தார்ப்பாய் கட்டி, கம்ப்ரசரை வாடகைக்கு எடுத்து அடித்தோம். கிட்டே வந்து பார்த்தால் சாயம் வழிந்த இடம் தெரியும். பத்தடி தள்ளி நின்று பார்க்கச் சொல்லிவிடுவோம்.

துருவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். நம் ஊர் மழைக்குக் கொம்பியில் மூன்று இடங்கள் முதலில் போகும்: முன்கண்ணாடியின் ரப்பருக்குக் கீழே, பேட்டரி உட்காரும் தட்டு, பக்கவாட்டில் தரையைத் தாங்கும் சட்டம். எங்களுக்கு மூன்றும் போயிருந்தன. முன்தரைவிரிப்பைத் தூக்கினால் சிமெண்ட் தரை தெரிந்தது. மேருவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி, தகரத்தை வெட்டி வெட்டித் தைத்துக் கொடுத்தார். “அண்ணே, இத வண்டின்னு சொல்றத விட வண்டி ஞாபகம்னு சொல்லலாம்” என்றார்.

இன்ஜின் வேறு கதை. 1600 சிசி, 50 குதிரைத்திறன். தண்ணீர் இல்லை, ரேடியேட்டர் இல்லை. காற்றும் எண்ணெயும்தான் குளிரவைக்கும். எண்ணெயோ வெறும் இரண்டரை லிட்டர், வடிகட்டும் இல்லை, ஒரு வலைத்துண்டுதான். அதனால் எண்ணெயை அடிக்கடி மாற்றவேண்டும். வால்வு இடைவெளியை இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது 0.15 மில்லிமீட்டருக்கு வைக்கவேண்டும். பழைய இன்ஜின்களில் எண்ணெய் குளிர்விப்பான் மூன்றாவது சிலிண்டருக்குப் போகிற காற்றை மறித்துக்கொண்டு நிற்கும். அந்தச் சிலிண்டர்தான் முதலில் எரிந்துபோகும். 1971இல் அதை நகர்த்தி வைத்தார்கள். நம்முடையது அதற்குப் பிந்தியது என்பதால் தப்பித்தோம். ஆனால் முதலில் மாற்றவேண்டியது இன்ஜினே அல்ல, பெட்ரோல் குழாய். வெப்பத்தில் காய்ந்து வெடிக்கும் அந்த ஐந்து வெள்ளி ரப்பர்க்குழாயால் எரிந்துபோன கொம்பிகள் உலகம் முழுக்க எத்தனையோ. இன்ஜின் உறையில் மெக்னீசியக் கலவை இருப்பதால், பற்றிக்கொண்டால் அணைப்பது கஷ்டம்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கிள்ளானில் எண்பதை நெருங்கும் ஒரு சீனத் தவுக்கே. தமிழும் மலாயும் கலந்து பேசுவார். வால்வு வைக்க அவருக்கு அளவுத்தகடு தேவையில்லை, விரலால் அசைத்துப் பார்த்தே சொல்வார். நான் தகடு வைத்துச் சரிபார்த்ததை ஒருநாள் பார்த்துவிட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கிடைக்காத பாகத்துக்குக் ‘கெடாய் போத்தோங்’ கடைகளில் அலைந்தோம். அங்கேயும் கிடைக்காததைப் பிரேசிலிலிருந்து வரவழைத்தோம். பிரேசிலில் கொம்பியை 2013 வரை செய்துகொண்டிருந்தார்கள் என்பது என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய வரம்.

தகட்டுத்துளைகளை மட்டும் வெல்டிங் தம்பியிடம் அடைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

*

கட்டில் பலகையை அறுத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் மாமா தாத்தாவின் சைக்கிளைப் பற்றிப் பேசினார். எதிரே கார் வந்தால் தாத்தா சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். நானே பார்த்திருக்கிறேன். எண்பதுகளில்கூட. யாருடைய கார் என்று பார்ப்பதில்லை. இறங்கி, ஓரமாக நின்று, கார் போனபிறகு ஏறுவார். ரோட்டில் கவனம் என்று அப்போது நினைத்தேன்.

1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் ஆர்.எச். நாதனும் முன்னின்று நடத்திய போராட்டம். நம் பள்ளிப் புத்தகங்களில் அதற்கு இடம் கம்மி. சீனத் தொழிலாளிக்கு நிகரான சம்பளம், பிள்ளைகளுக்குப் படிப்பு, முறையான மருத்துவம், கள்ளுக்கடையை மூடுவது, பெண்களிடம் துரைகளும் அதிகாரிகளும் அத்துமீறுவதை நிறுத்துவது என்று நீண்ட அந்தக் கோரிக்கைப் பட்டியலில் வேறு இரண்டும் இருந்தன. ஒன்று, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக அனுமதி. இன்னொன்று, துரைக்கும் அதிகாரிகளுக்கும் முன்னால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது.

சம்பளத்துக்குச் சமமாக இதைக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு இது முதலில் சின்னக் கோரிக்கையாகத் தெரிந்தது. யோசித்தால், ஒரு மனிதன் தன் காசில் வாங்கிய இரண்டு சக்கரத்தின்மேல் உட்கார்ந்து, யார் முன்னாலும் இறங்காமல் போகவேண்டும் என்று கேட்கிறான். மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார், பிறகு நாடு கடத்தப்பட்டார். படை இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். அந்த வருடக் கடைசியில் ஜப்பான்காரன் வந்தான். துரைமார்கள் காரை விட்டு இறங்கி ஓடினார்கள்.

தாத்தா எதையும் சொன்னதில்லை. இறங்குவதை மட்டும் விடவில்லை.

சைக்கிளுக்கே இப்படி என்றால் வீட்டைப் பற்றி என்ன சொல்வது. தோட்டத்தில் லயம் வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடு போகும். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்காரர்கள் இருந்த நூறு குவாட்டர்ஸும் அப்படித்தான், ரயில்வே சம்பளம் இருக்கும்வரைதான் கூரை. இப்போது கட்டடமே இல்லை. ஓரிடத்தில் மூன்று தலைமுறை இருந்தும் ஒரு செங்கல்கூட நமதில்லை என்ற நிலையில் இருந்தவர்கள் நாம். நிலத்தை விற்றார்கள், தோட்டத்தைத் துண்டுபோட்டார்கள். அறுபதுகளின் இறுதியில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டம் வந்தபோது, பல ஆயிரம் பேர் கப்பலேறினார்கள். பாட்டியின் அக்கா குடும்பம் அதில் ஒன்று. போர்ட் சுவெட்டன்ஹாமில் ரஜூலா கப்பலில் ஏற்றிவிட்டு வந்த அன்று வீட்டில் யாரும் அடுப்பு பற்றவைக்கவில்லை என்று அம்மா சொல்வார். அதனால்தான் ‘வீட்டை விட்டுவிட்டுச் சக்கரத்தில் வாழப் போகிறோம்’ என்று சந்தோஷமாக அறிவிக்கும் இளைஞர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், கொஞ்சம் பொறாமையும் வரும். விட்டுவிடுவதற்கு முதலில் ஒரு வீடு இருக்கவேண்டும்.

இதே ரஜூலா கப்பலில் இன்னொரு விசித்திரம். 1955இல் ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட்ரோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டு, பர்மா வழியாக மலாயாவுக்குள் வந்து, 1956 மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்தார்கள். அப்போது இங்கே அவசரகாலம். அவர்களுக்குப் பிறகு 1962 இராணுவப் புரட்சியோடு பர்மா வழி அடைத்துக்கொண்டது. அறுபது எழுபதுகளில் ஐரோப்பாவிலிருந்து கொம்பிகளில் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியா வந்த வெள்ளைக்கார இளைஞர்கள் ஆஸ்திரேலியா வரை போக விரும்பினால், மெட்ராஸில் வண்டியைக் கப்பலேற்றிப் பினாங்கில் இறக்கவேண்டியிருந்தது. அந்தத் தடத்தில் ஓடிய கப்பல்களில் ரஜூலாவும் ஒன்று. நம் ஆட்கள் ஒரு தகரப்பெட்டியோடு திரும்பிப்போன அதே கடல்வழியில், எதிர்த்திசையில், கட்டில் வைத்த வேன்கள் வந்துகொண்டிருந்தன. 1979இல் ஈரானும் ஆப்கானிஸ்தானும் அந்தப் பாதையை மூடின.

*

2021 அக்டோபர் 11ஆம் தேதி மாநிலம் கடக்கும் தடை நீங்கியது. அதற்குள் வண்டி பூஸ்பாகோம் பரிசோதனையை முடித்து ரோட்டெக்ஸ் எடுத்திருந்தது. ஜேபிஜே அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது என்பதால், கட்டிலும் அலமாரியும் நான்கு போல்ட்டைக் கழற்றினால் வெளியே வந்துவிடும்படி செய்திருந்தோம். ஒரு கேஸ் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தோங், கொசுவலை, பேட்டரியில் ஓடும் காற்றாடி. இந்த ஊர் வெப்பத்தில் காற்றாடி இல்லாமல் வேனுக்குள் தூங்கலாம் என்று யாராவது சொன்னால் அவர் தூங்கிப் பார்க்கவில்லை.

கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம், தெலுக் இந்தான், அங்கிருந்து தாப்பா, தாப்பாவிலிருந்து கேமரன் மலை. பழைய ரோட்டிலேயே போனோம், மணிக்கு 70க்கு மேல் போகவில்லை. மலையில் இரண்டாம் கியரில் ஊர்ந்தது. பின்னால் முப்பது கார் நின்றது. மாமா கையை வெளியே நீட்டி எல்லாரையும் முந்திப்போகச் சொன்னார், ஒரு துரையைப்போல. நான்கு நாள், ஒரு தடவை ஃபேன்பெல்ட் அறுந்தது, மாற்றினோம். அவ்வளவுதான். பயணம் என்று எழுத அதிகம் இல்லை. நன்றாக இருந்தது.

திரும்பும் வழியில், கிள்ளானுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது, மாமா ஷா ஆலாமுக்குள் திருப்பச் சொன்னார். மணி இரவு பத்து. செக்‌ஷன்களுக்குள் இடம் வலம் சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரு கிடங்குக்குப் பக்கத்தில் லோரிகள் நிற்கும் காலித்திடலில் நிறுத்தச் சொன்னார். ஒரு பெரிய சாலமரம், மஞ்சள் விளக்கு. “இங்கதான்டா பதினாலாம் நம்பர் லயம். இன்னைக்கி இங்கயே படுத்துக்கலாம்.”

“எப்படி மாமா சொல்றீங்க இதுதான்னு? ஒண்ணுமே இல்லையே.”

“மேடு இருக்கு பாரு. அந்தப் பக்கம் எறக்கம். மழத்தண்ணி அப்படித்தான் ஓடும். மரத்த வெட்டலாம், மேட்ட எங்க கொண்டு போறது?”

மேட்டையும் வெட்டுவார்கள் என்று நான் சொல்லவில்லை.

பதினோரு மணிக்குக் காவலாளி வந்து டார்ச் அடித்தார். நேப்பாளத்து இளைஞர். இங்கே படுக்கக்கூடாது என்று உடைந்த மலாயில் சொன்னார். மாமா தள்ளுகதவை முழுக்கத் திறந்து, கைலியோடு கட்டிலில் உட்கார்ந்தபடியே, “டுலு சினி ருமா சாயா” என்றார். முன்பு இங்கே என் வீடு. அந்த இளைஞர் திடலைப் பார்த்தார், கிடங்கைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். “இனி?” என்று கேட்டு, விரலால் வேனைச் சுட்டினார். இதுவா? மாமா தலையாட்டினார். காலை ஆறு மணிக்கு முதல் லோரி வரும், அதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது மாமா அவருக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் கொடுத்தார்.

இரண்டு மணிக்கு மழை பிடித்தது. முன்கண்ணாடியின் ரப்பரை நான் சரியாக உட்காரவைக்கவில்லை என்பது அப்போது தெரிந்தது. சொட்டுச் சொட்டாக மாமாவின் காலடியில் விழுந்தது. அவர் எழுந்து, மைலோ டின்னை அதற்குக் கீழே வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். “லயத்துலயும் இப்படித்தான்” என்றார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. ஐந்தே முக்காலுக்கு நான் இன்ஜினைப் போட்டேன்.